சென்சார் வாங்கும் முன் நீர்க்கணக்கை எழுதுங்கள்: பாசன நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாசன நீரைப் பங்கிடும் பொறியாளர்களுக்கும், நீர்ப்பயன்பாட்டாளர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், கருவிகளுக்கு டெண்டர் எழுதும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

எந்த வயல் காய்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் காட்டும் திரையும், மண்ணுக்குள் புதைத்த சென்சாரிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஈர அளவும் இன்று எளிதாக விலைக்குக் கிடைக்கின்றன. உங்களில் பலர் வாங்கிவிட்டீர்கள், மற்றவர்கள் வாங்கப் போகிறீர்கள். வாங்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரியாமல் வாங்கினால் இரண்டாவது பருவத்திலேயே அது மூலைக்குப் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, தப்பான எண்ணை நம்பி மதகைத் திறப்பதும் மூடுவதும்தான் பெரிய நஷ்டம். வானிலிருந்து அளப்பது பயிரின் செலவு. மண்ணுக்குள் அளப்பது இருப்பு. இரண்டையும் ஒரே நீர்க்கணக்கில் ஏற்றிச் சரிபார்க்கும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு, பிறகு கருவிக்குப் போங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

செலவுப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். செயற்கைக்கோள் நீரை நேரடியாக அளப்பதில்லை. வயலுக்குக் கிடைக்கும் நிகர வெயில் ஆற்றலில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்குகிறது, ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது, மீதி நீரை ஆவியாக்குகிறது. இலைப்பரப்பின் வெப்பநிலை தெரிந்தால் காற்றுக்குப் போன பங்கை மதிப்பிடலாம். எல்லாம் கழித்து மிஞ்சுவது ஆவியான நீருக்கான ஆற்றல். ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2.45 மெகாஜூல் வேண்டும், ஆகவே ஆற்றல் எண்ணை மில்லிமீட்டராக மாற்றிவிடலாம். மண்ணிலிருந்து ஆவியானதும் இலைத்துளை வழியாக வெளியேறியதும் சேர்ந்த இந்த மொத்தத்தைத்தான் இந்த மடலில் நீர்ச்செலவு என்கிறோம். ஒரு மில்லிமீட்டர் நீர்ச்செலவு என்றால் ஹெக்டேருக்கு 10 கனமீட்டர், அதாவது 10,000 லிட்டர்.

கழித்து மிஞ்சுவதாக வரும் எண் என்பதால், மற்ற பங்குகளில் எங்கே பிழை நேர்ந்தாலும் அது நீர்ச்செலவின் தலையில்தான் விடியும். இந்த முறையில் நன்றாகத் தண்ணீர் பாய்ந்த பயிர் ஒன்றையும் காய்ந்த வெற்று நிலம் ஒன்றையும் படத்திலேயே தேர்ந்தெடுத்து, அந்த இரண்டு எல்லைக்குள் மற்ற வயல்களை வரிசைப்படுத்துவது வழக்கம். காய்ந்த நிலம் என்று எடுத்த இடத்தில் முந்தின நாள் தூறல் போட்டிருந்தால் அந்தத் தேதியின் வரைபடம் முழுதும் சரிந்துவிடும். மழைப் பதிவோடு ஒப்பிடாமல் அனுப்பப்படும் வரைபடத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது அளவு. லேண்ட்சாட் 8, 9 ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் வெப்பப் படங்கள் 30 மீட்டர் கட்டங்களாக உங்களுக்குத் தரப்படுகின்றன; ஆனால் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர் கட்டம், அதாவது ஒரு ஹெக்டேர். கட்டம் எந்த இடத்தில் விழுந்தாலும் அதில் ஒன்றாவது முழுதாக உங்கள் வயலுக்குள் இருக்க வேண்டுமானால் வயல் சுமார் 200 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பக்கத்து வயலின் சூடும் வரப்பு மரத்தின் நிழலும் உங்கள் கணக்கில் கலந்துவிடும். சிறுநிலங்கள் நிறைந்த ஆயக்கட்டில் (பாசனம் பெறும் நிலப்பரப்பில்) வயல்வாரியாக நீர்ச்செலவு தருகிறோம் என்று யாராவது சொன்னால், வெப்பப் படத்தை எப்படிக் கூர்மையாக்கினீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பச்சைக் குறியீட்டை (படத்தில் இலைப் பசுமையைக் காட்டும் எண்ணை) வைத்து, பசுமையான இடம் குளிர்ச்சியாக இருக்கும் என்ற ஊகத்தில் பிரித்திருப்பார்கள். பயிர் பச்சையாக இருந்துகொண்டே தாகத்தில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் நேரம் ஒன்று உண்டு. நமக்குத் தெரிய வேண்டியதே அந்த நேரம்தான். அந்த ஊகம் பொய்ப்பதும் அங்கேதான். சிறுநிலங்களுக்கு நீர்ச்செலவை வாய்க்கால் பிரிவுவாரியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த அளவில் எண் நம்பத் தகுந்தது.

இரண்டு லேண்ட்சாட்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை, காலை 10 மணி வாக்கில் கடக்கின்றன. அந்த ஒரு கணத்தை நாள் முழுக்கவும், பிறகு அடுத்த படம் வரைக்கும் நீட்டுவது கணினி மாதிரியின் மதிப்பீடு, அளவீடு அல்ல. மேகம் மூடினால் இடைவெளி இன்னும் நீளும். திரையில் தினமும் ஓர் எண் வருகிறது என்பதாலேயே தினமும் அளந்தார்கள் என்று பொருளில்லை. படம் எடுத்த நாள் எது, இட்டு நிரப்பிய நாள் எது என்று வேறு நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். மாதக் கூட்டுத்தொகையும் பருவக் கூட்டுத்தொகையும் நாள் எண்ணைவிட நம்பகமானவை; ஏற்ற இறக்கப் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

பச்சைக் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் கட்டத்தில் 5 நாளுக்கு ஒருமுறை தரும் படம் அருமையானது. எந்த வயலில் பயிர் இருக்கிறது, எப்போது நட்டார்கள், எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை அதைவிட மலிவாக அறிய வழியில்லை, இலவசம் வேறு. ஆனால் பயிரின் தாகம் அதில் தாமதமாகத்தான் தெரியும். முதலில் இலை சூடாகிறது, பிறகுதான் நிறம் குறைகிறது. நிறம் குறைந்த பிறகு தண்ணீர் விடுவதில் பெரிய பயனில்லை. இன்னொன்று: நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் நெல் வயலில் பச்சைக் குறியீடு மிகக் குறைவாக இருக்கும், நிற்கும் நீரோ வெயிலில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பச்சைக் குறியீட்டை மட்டும் வைத்துப் பயிர்க்கெழுவை (வானிலைக் கணக்கை அந்தப் பயிரின் நீர்ச்செலவாக மாற்றப் பெருக்கும் எண்ணை) கணிக்கும் மென்பொருள் அந்த முதல் வாரங்களின் நீர்ச்செலவைக் குறைத்தே எழுதும்.

மண் ஈரத்தையே நேரடியாகப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் இருக்கின்றனவே என்பீர்கள். 2015-இல் ஏவப்பட்ட ஸ்மாப், மேல் 5 செ.மீ. மண்ணின் ஈரத்தைச் சொல்லும்; அதன் ரேடார் அதே ஆண்டு ஜூலையில் பழுதானதால், மிஞ்சியிருக்கும் கருவியின் பார்வை சுமார் 40 கி.மீ. அகலம். மண்டல அளவில் வறட்சி எச்சரிக்கைக்கு நல்லது, வாய்மடைக்கு உதவாது. 2025 ஜூலையில் ஏவப்பட்ட நிசார் 12 நாளுக்கு ஒருமுறை, சுமார் 24 செ.மீ. நீள அலையால் பயிரைத் துளைத்துக் கீழே பார்க்கக் கூடியது. வயல் அளவுக்கு நெருங்கும் வாய்ப்பு இதற்கு உண்டு. அதுவும் மேல்மண்ணைத்தான் பார்க்கும், வேர் ஆழத்தை அல்ல. ஈர்ப்பு விசை மாற்றத்தை வைத்து நிலத்தடி நீர் குறைவதைக் காட்டிய கிரேஸ் இணைக் கோள்களும், 2018-இல் அதற்கு அடுத்து வந்து அதே வேலையைத் தொடரும் இணையும் பெரிய சாதனைகள்தாம். ஆனால் அவற்றின் ஒரு புள்ளி சுமார் 300 கி.மீ. அகலம். அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி ஒரு கிராமத்தின் மேல் வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் வேண்டாம்.

இனி இருப்புப் பக்கம். இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு ஹெக்டேரில் 60 செ.மீ. ஆழ மண் என்றால் 6,000 கனமீட்டர். சாதாரண மின்தேக்க சென்சார் பார்ப்பது அதில் ஒரு லிட்டருக்கும் குறைவு. ஆகவே எங்கே புதைக்கிறோம் என்பதே பாதி அளவீடு. வரப்போரம், வாய்மடைக்கு நேர் எதிர், மரநிழல், டிராக்டர் திரும்பி மண் இறுகிய இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மண்ணின் மின்கடத்தலை அளக்கும் கருவியை வயல் முழுக்க நடத்தி ஒரு வரைபடம் எடுத்தால் மணற்பாங்கான பகுதியும் களிப்பகுதியும் பிரிந்து தெரியும். ஆனால் மின்கடத்தல் ஈரத்தாலும் உப்பாலும்கூட மாறும். அதனால் வயல் முழுதும் நனைந்து வடிந்த இரண்டு மூன்று நாளில் இந்த வரைபடத்தை எடுக்க வேண்டும். பகுதிக்குக் குறைந்தது இரண்டு இடம். இடத்துக்குக் குறைந்தது இரண்டு ஆழம்: வேர்மண்டலத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, வேர் முடியும் ஆழத்துக்குக் கீழே ஒன்று. சொட்டுநீர் என்றால் சொட்டுவானிலிருந்து 10 முதல் 15 செ.மீ. தள்ளிப் புதையுங்கள். நேர் கீழே புதைத்தால் எப்போதும் ஈரமாகவே காட்டும்.

புதைக்கும் விதம் இன்னும் முக்கியம். சென்சாருக்கும் மண்ணுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருந்தால்கூடப் பொய் எண் வரும். மின்தேக்க சென்சார் மண்ணின் மின்புகுதிறனை (மின்னாற்றலைத் தேக்கிக்கொள்ளும் தன்மையை) அளக்கிறது. நீருக்கு அது சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, காற்றுக்கு 1. இடைவெளியில் காற்று இருந்தால் மண் காய்ந்ததாகவும், தண்ணீர் புகுந்தால் நிறைந்ததாகவும் காட்டும். துளை போட்டு எடுத்த அதே மண்ணைச் சலித்து, தண்ணீரில் குழைத்து, கூழாக ஊற்றித்தான் நட வேண்டும். எந்த ஆழத்து மண்ணோ அந்த ஆழத்துக்கே திரும்பப் போக வேண்டும். கேபிள் துளையிலிருந்து நேராக மேலே வந்தால் அதன் வழியாகவே தண்ணீர் இறங்கும். தரைக்குள் ஒரு வளைவு கொடுத்துவிட்டு மேலே எடுங்கள். எலிக்குக் கேபிள் உறை பிடிக்கும், ஆகவே குழாய்க்குள் விடுங்கள். காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் நெடுக்கு வாட்டத்தில் இறக்கிய நீளக் குழாய் சென்சார் முதல் வெடிப்பிலேயே மண்ணோடு தொடர்பை இழக்கும். அங்கே பக்கவாட்டில் குழி வெட்டி, கலையாத மண்ணில் படுக்கை வாட்டமாகக் குத்துவதே நல்லது.

நிறுவனம் தரும் பொதுச் சமன்பாடு எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. தெரிந்த கன அளவுள்ள உருளையில் மண் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். ஈர எடை 168 கிராம், உலர் எடை 140 கிராம், உருளை 100 கன செ.மீ. என்றால் ஈரம் கன அளவில் 28 சதவீதம். சென்சார் அந்த நேரத்தில் 35 என்று காட்டியிருந்தால் 7 புள்ளி தள்ளி நிற்கிறது. நன்றாக நனைந்தபோது, நடுவில், காய்ந்தபோது என மூன்று நிலைகளிலாவது இதைச் செய்யாமல் எண்ணை நம்பாதீர்கள். குறைந்த அலைவரிசையில் இயங்கும் மலிவு வகைகள் உப்புக்கும் ஏமாறும். சொட்டுநீரில் உரம் கலந்து விட்டதும் ஈரம் ஏறியதுபோல் காட்டும். வெறும் மின்தடையை அளக்கும் இரண்டு முள் கருவி மண்ணுக்குள் துருப்பிடித்துவிடும். பள்ளிக்கூடச் செய்முறைக்கு அது போதும், ஆயக்கட்டுக்குப் போதாது.

அளவுத்திருத்தம் செய்ய ஆளில்லை என்றால் டென்சியோமீட்டர் (பீங்கான் முனையும் மேலே மானியும் கொண்ட, நீர் நிரப்பிய குழாய்) போதும் என்பது எங்கள் கருத்து. மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, வேர் எவ்வளவு பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. பயிருக்கும் அதுதானே கணக்கு. பீங்கான் முனையை இரவு முழுக்க ஊறவைத்து, காய்ச்சி ஆறிய நீரை நிரப்ப வேண்டும். காய்ச்சாத நீரில் கரைந்திருக்கும் காற்று குமிழியாகி அளவைக் குலைக்கும். இழுப்பு சுமார் 80 கிலோபாஸ்கலுக்கு (இது அழுத்தத்தின் அலகு) மேல் போனால் நீர்த்தம்பம் அறுந்து முள் சுழியத்துக்கு விழுந்துவிடும்; புதிதாக வந்தவர் அதைப் பார்த்து மண் நனைந்துவிட்டது என்று எழுதி வைப்பார். மானி மேலேயும் முனை 60 செ.மீ. கீழேயும் இருந்தால் அந்த நீர்த்தம்பத்தின் எடை மட்டுமே சுமார் 6 கிலோபாஸ்கல். அதைக் கழித்துப் படியுங்கள்.

சென்சார் வரைகோட்டைப் படிக்கவும் பழக்குங்கள். பயிர் நன்றாக இருக்கும்போது கோடு படிக்கட்டு மாதிரி இறங்கும்: பகலில் சரிவு, இரவில் சமதளம். வெயில் அதேபோல் இருக்கையில் பகல் சரிவு நாளுக்கு நாள் குட்டையானால் வேர் இழுக்க முடியாமல் திணறுகிறது என்று பொருள். ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் வேருக்குக் கீழே இருக்கும் சென்சார் ஏறினால், நீங்கள் விட்ட தண்ணீரோடு உரமும் கீழே போகிறது. ‘ஈரம் 24 சதவீதம்’ என்று கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியைவிட இந்தக் கோட்டில் விஷயம் அதிகம்.

எப்போது, எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளியது. வயல் கொள்திறன் (நனைந்து வடிந்தபின் மண்ணில் நிற்கும் ஈரம்) 30 சதவீதம், வாடல் நிலை (பயிரால் இனி இழுக்க முடியாத ஈரம்) 14 சதவீதம், வேர் ஆழம் 60 செ.மீ. என்று வைத்தால் பயிருக்குக் கிடைக்கும் இருப்பு 96 மி.மீ. அதில் பாதியை எடுக்க விடலாம் என்றால் 48 மி.மீ. நாளுக்கு 6 மி.மீ. நீர்ச்செலவு என்றால் 8 நாள் தாங்கும். அன்று ஹெக்டேருக்கு 480 கனமீட்டர் வேருக்குச் சேர வேண்டும். பாசனத் திறன் 80 சதவீதம் என்றால் மடையில் 600 கனமீட்டர். இந்தக் கணக்கில் 6 மி.மீ. என்ற எண்ணைச் செயற்கைக்கோளும் வானிலை நிலையமும் தருகின்றன. 30, 14 ஆகிய எண்களை மண் தருகிறது. எட்டாம் நாள் சென்சார் காட்டும் ஈரம் 22 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 26-இல் நின்றால் நீர்ச்செலவு மதிப்பீடு கூடுதல், அல்லது வேர் நினைத்ததைவிட ஆழம், அல்லது கீழிருந்து நிலத்தடி நீர் ஏறுகிறது. இந்தக் கேள்வியை எழுப்பத்தான் இரண்டு கருவியும் வேண்டும் என்கிறோம்.

வயலில் தண்ணீர் தேக்கி வளர்க்கும் நெல்லுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சேறு நிறைந்த மண்ணில் ஈர சென்சார் நூறு நாளும் நிறைந்தே காட்டும். 30 செ.மீ. நீளத் துளையிட்ட குழாயைப் பாதி புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, தண்ணீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்கட்டும்.

தகவல் வந்து சேரும் வழியிலும் சிக்கல் உண்டு. ஈர மண் வானொலி அலையை விழுங்கும். முழுக்கப் புதைத்த ஆன்டெனா, தண்ணீர் பாய்ந்து முடிந்த அந்த முக்கியமான மணி நேரங்களில் வாய் மூடிக்கொள்ளும். ஆன்டெனா பயிருக்கு மேலே இருக்க வேண்டும், அதுவும் நடவன்று இருக்கும் பயிருக்கு அல்ல, அறுவடையன்று நிற்கும் பயிருக்கு. சிக்னல் போனாலும் ஒரு பருவத் தகவல் லாகரிலேயே (வயலில் எண்களைப் பதிந்து வைக்கும் பெட்டியிலேயே) தங்க வேண்டும்.

நிலத்தடி நீருக்கு வருவோம். பம்பு ஓடும் கிணற்றில் மட்டம் அளக்காதீர்கள். தனிக் கண்காணிப்புக் கிணறு வேண்டும், அதன் வடிகுழாய் (நீர் உள்ளே வரும் துளையிட்ட பகுதி) ஒரே நீர்த்தாங்கியில், அதாவது நீர் தங்கும் ஒரே நில அடுக்கில், திறந்திருக்க வேண்டும். அழுத்த சென்சார் காற்றழுத்தத்தையும் சேர்த்து அளக்கும் வகை என்றால் காற்றழுத்தத்தைத் தனியே பதிந்து கழிக்க வேண்டும். ஒரு கிலோபாஸ்கல் தவறினால் மட்டம் 10 செ.மீ. தவறும். எத்தனை மீட்டர் இறங்கியது என்பதோடு நிறுத்தவும் கூடாது. இளகிய வண்டலில் ஒரு மீட்டர் இறக்கம் 100 மி.மீ. நீராகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம்; வெடிப்புப் பாறையில் அதே ஒரு மீட்டர் 10, 20 மி.மீ.தான்.

இப்போது இரண்டு பக்கத்தையும் சேர்ப்போம். கணக்குக்காக 100 ஹெக்டேர் வாய்க்கால் பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நீர் 500 மி.மீ., பம்பு 200, மழை 200, வரவு 900. செயற்கைக்கோள் சொல்லும் நீர்ச்செலவு 620, வடிகாலில் வெளியேறியது 120, பருவ முடிவில் மண் ஈரம் 20 மி.மீ. குறைந்திருக்கிறது. அப்படியானால் கீழே இறங்கியது 180. எடுத்தது 200 என்பதால் நிலத்தடி நீர் 20 மி.மீ. குறைந்திருக்க வேண்டும், பத்தில் ஒரு பங்கு நீர் விடும் மண்ணில் அது 20 செ.மீ. மட்ட இறக்கம். கிணறு ஒரு மீட்டர் இறங்கியிருந்தால் 80 மி.மீ. எங்கோ தப்பியிருக்கிறது. பெரும்பாலும் பதிவில்லாத பம்புகள். சில சமயம் வாய்க்கால் மதகின் அளவுமானி கூட்டிக் காட்டியிருக்கும், சில சமயம் பக்கத்துப் பகுதிக்கு நீர் நகர்ந்திருக்கும். எதுவானாலும் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

இந்தக் கணக்கு இல்லாமல் சிக்கன நீர்ப்பாசனத்துக்கு மானியம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே பிரிவில் பாருங்கள். சொட்டுநீர் வந்ததும் ஹெக்டேருக்கு விடும் நீர் 700-இலிருந்து 500 மி.மீ. ஆகிறது. மிச்சமான தண்ணீரில் பக்கத்துத் தரிசு 40 ஹெக்டேர் சாகுபடிக்கு வருகிறது. நீர்ச்செலவு ஹெக்டேருக்கு 620-இலிருந்து 600 ஆகக் குறைந்தாலும் மொத்தம் 6,20,000 கனமீட்டரிலிருந்து 8,40,000 ஆகிறது. புதிய நிலத்தில் பெய்த மழையைக் கழித்தாலும் கூடுதல் செலவு 1,40,000 கனமீட்டர். முன்பு கீழே இறங்கிக் கிணற்றுக்கும் கடைமடைக்கும் போன நீர் அது. ஒவ்வொரு பம்பு மீட்டரும் சேமிப்பு என்று காட்டும், கிணறு மட்டும் இறங்கிக்கொண்டே போகும். உச்சவரம்பு வைப்பதானால் இறைத்த நீருக்கு அல்ல, நீர்ச்செலவுக்கு வையுங்கள். சாகுபடிப் பரப்பையும் அதோடு சேர்த்துக் கண்காணியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. விவசாயியின் வயலில் இருக்கும் சென்சாரை அபராதத்துக்குச் சாட்சியாக்காதீர்கள். ஆக்கினால் அடுத்த வாரமே அது வசதியான இடத்துக்கு மாறிவிடும், அப்புறம் எந்தக் கணக்குக்கும் உதவாது. வயல் சென்சார் அவருடைய பாய்ச்சல் முடிவுக்கு. செயற்கைக்கோள் வாய்க்கால் பிரிவின் செலவுக்கு. கண்காணிப்புக் கிணறு உச்சவரம்புக்கு. இந்த வேலைப் பிரிவினையை விதியாகவே எழுதி, மூன்றின் எண்களும் அந்தப் பிரிவின் விவசாயிகள் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

கடைசியாக, டெண்டர். கருவியின் விலையோடு, நிறுவும் ஆள், மூன்று நிலை மண் மாதிரி, பேட்டரி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சரிபார்ப்பு என எல்லாவற்றையும் குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒரே தொகையில் கேளுங்கள். திருத்தாத மூல அளவுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும், ஒப்பந்தம் முடிந்தாலும். செயற்கைக்கோள் சேவைக்கு, பயன்படுத்திய படங்களின் தேதிப் பட்டியல் மாதாமாதம் வர வேண்டும். சென்சார்களுக்கு, இடக்குறிப்பு, ஆழம், நிறுவிய நாளின் மண் எடைகள், அன்று சென்சார் காட்டிய எண் ஆகிய நான்கும் இல்லாத எந்தக் கட்டணப் பட்டியலுக்கும் பணம் விடுவிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பாசன நீர் அளவீட்டுப் பணியில் இருப்பவர்கள்